கம்பெனி வேன் தூக்கம்

காலை நாலரைக்கு எழுந்து பொங்கிவைத்துவிட்டு வேன் ஏறுகிறவர்களுக்கு, வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரைக்குமான தூக்கம்தான் சொத்து. ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் நாங்கள் பதினாறு பேரும் பக்கத்தில் இருப்பவள்மேல் சாய்ந்துவிடுவோம். ஆறு வருஷமாக அமிர்தவள்ளி அக்கா என் தோளில், நான் அவள் தலையில். எனக்குக் கோழித் தூக்கம், அதனால் கம்பெனி கேட் வந்ததும் நான்தான் அவளை எழுப்புவேன்.

அப்புறம் எங்கள் தெருப் பையன்களும் பின்தெருப் பையன்களும் போன் ஸ்டேட்டஸில் மோதிக்கொண்டார்கள். யார் கெத்து என்று போட்டியாம். மீசைகூட ஒழுங்காக முளைக்காத நாய்கள்! ஒரு சாயங்காலம் என் தம்பி ஜீவா கத்தியோடு போனான். செத்தது அக்காவின் ஒரே மகன் ராகுல். பத்தொன்பது வயசு. ஜீவா இப்போது வேலூர் ஜெயிலில் இருக்கிறான். அவனை நினைத்தால் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வருகிறது. இரண்டு தெருவிலும் ஏழு மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறார்கள். வேனில் மூன்று மாசமாக என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

இன்றைக்குத்தான் அக்கா மறுபடியும் வேலைக்கு வந்தாள். மார்கழிப் பனியில் பின்தெரு முனையில் அவள் நிற்பதைப் பார்த்ததும் ஜன்னலோரமாக ஒடுங்கிக்கொண்டேன். என் பக்கத்து சீட் மட்டும்தான் காலி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒக்காருக்கா. நான் வேணா நிக்கிறேன்."

கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். காறித் துப்பினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் வாயிலிருந்து எனக்கு ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான். விண்ணமங்கலம் தாண்டியதும் கால் கடுத்ததோ என்னவோ, உட்கார்ந்தாள்.

பனி ரோட்டையே விழுங்கியிருந்தது. வேன் ஓடுகிறதா மிதக்கிறதா, தெரியவில்லை. ரோட்டோரத் தோல் தொழிற்சாலைகளின் நெடிகூட எங்கேயோ தூரத்தில் இருந்தது. மின்னூரில் அவள் தலை மெல்ல என் தோளில் விழுந்தது. பாழாய்ப்போன உடம்புக்குப் பகையா தெரியும்? நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"சாப்ட்டியாடா ராகுலு?" என்று முனகினாள். தூக்கத்திலேயே சிரித்தாள்.

கேட் வந்தது. எல்லாரும் செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்கினார்கள். டிரைவர் கோதண்டராமன் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எழுப்பலியா? பெல் அடிச்சிடுவாங்க."

கை வரவில்லை. எழுந்தால் அவளுக்கு ராகுல் மறுபடியும் செத்துப்போவான். கொன்றது மறுபடியும் என் வீடாக இருக்கும். ஆனாலும் தொடப் போனேன்.

கண்ணைத் திறக்காமலே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பாத பூரணி. இப்பதான் வந்திருக்கான்."