கோத்த கை திறக்காது

தீபாவளிக்கு மறுநாள் பகலில், தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மர்சூக் முதலாளி மனோவசிய வித்தை காட்டினார். பக்கத்து டவுனான நோர்வூட்டில் புடவைக் கடை வைத்திருப்பவர். உலக யுத்த காலத்தில் கண்டிப் பட்டாள ஆஸ்பத்திரியில் எடுபிடியாக இருந்தபோது, ஒரு வெள்ளைக்கார டாக்டர் செய்ததைப் பார்த்துப் பார்த்தே படித்துக்கொண்டவர் என்று பேச்சு. முதலில் எல்லாரையும் இரு கை விரல்களையும் கோக்கச் சொல்லி, பிரிக்கத் திணறியவர்களை மேடைக்குக் கூப்பிட்டார். அவர்களில் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமியும் ஒருத்தி.

"கோத்த கை கல்லாப் போச்சு. இழுத்துப் பாருங்க, திறக்காது."

திறக்கவில்லை. அவள் இழுக்க இழுக்க விரல்கள் இன்னும் இறுகின. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் ஒன்றும் தூங்கிப்போகவில்லை. பின்னால் குழந்தை அழுதது, தகரத்தில் மழை விழுந்தது, கணவன் வீரய்யா இருமியது எல்லாம் காதில் விழுந்தன. விரல்கள் மட்டும் வேறு யாருடையவோ போலிருந்தன. முதலாளி கைதட்டிப் "போதும்" என்றதும் தானாகப் பிரிந்தன.

அத்தோடு முடிந்திருந்தால் தொல்லையில்லை. இரண்டு வாரம் கழித்து, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது சோலைமலைக் கங்காணி மேல் வரிசையிலிருந்து விளையாட்டாகக் கத்தினான்:

"ஏய் நாகலெட்சுமி, கை கல்லாப் போச்சு!"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கத்தான் போனாள். அதற்குள் வலதுகை கொழுந்தைப் பற்றியபடி மூடிக்கொண்டது. உதறினாள். செடிதான் ஆடியது. கங்காணி முகம் வெளுத்து, "சும்மா சொன்னேம்மா, சும்மா சொன்னேன்" என்று பின்வாங்கினான். கடைசியில் கொழுந்தைச் செடியிலிருந்து ஒடித்து, குடியிருக்கும் லயத்துக்குக் கூட்டிவந்து வெந்நீரில் கையை வைத்த பிறகுதான் விரல் பிரிந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு எல்லாக் குரலும் பயம். யார் வாயைத் திறந்தாலும் அடுத்த சொல் தன் மேல் விழுமோ என்று உடம்பு ஒடுங்கியது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மலைக்குப் போனாள். கூப்பிட்டது கேட்கவில்லை என்று ஏச்சு வாங்கினாள்.

வீரய்யாவின் பயம் வேறு மாதிரி.

"கை மூடுன்னா மூடுது. நாளைக்கு ஒருத்தன் எங்கூட வான்னா போயிருவியா?"

"என்ன பேச்சுங்க இது?"

"ஒனக்கே தெரியாம போயிருவ. அதான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போகும்போது அவளை உள்ளே விட்டு, குடியிருந்த காம்பராவை வெளியே கொண்டிபோட்டுவிட்டுப் போனான். பத்தடிக்குப் பத்தடி அறை, ஒற்றைச் சன்னல், அடுப்புப் புகை. கதவை அவன் பூட்டினான், கையை எவனோ பூட்டினான் என்று நினைத்து நினைத்து அழுதாள். அழுகை ஓய்ந்த ஒரு ஞாயிறு, அவன் திரும்பி வந்ததும் வாசலிலேயே மறித்துச் சொன்னாள்:

"கட்டினவருதான் அவுக்கணும். என்னைய நோர்வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி நான் இனி மலைக்குப் போக மாட்டேன்."

மர்சூக் முதலாளி கதையைக் கேட்டு முடிக்கும்வரை துணியளக்கும் கோலைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் மேடைச் சிரிப்பு இல்லை.

"தங்கச்சி, நான் ஒங்கட கையக் கட்டவே இல்ல."

"பொய் சொல்லாதீங்க!" வீரய்யா மேசையில் அறைந்தான். "ஊரே பார்த்துச்சு. அவுத்து விடுங்க!"

முதலாளி கோபப்படவில்லை. ஒரு நூலில் சட்டைப் பொத்தான் கட்டி அவன் கையில் கொடுத்தார். "தம்பி, இதைத் தொங்கவிட்டுப் பிடிங்க. கைய ஆட்டவே கூடாது. பொத்தான் முன்னுக்கும் பின்னுக்கும் போறதா மனசுக்குள்ள மட்டும் பாருங்க."

வீரய்யா முறைத்துக்கொண்டே பிடித்தான். சற்று நேரத்தில் பொத்தான் அசைந்தது. பிறகு நன்றாகவே ஆடியது. அவன் நூலைச் சூடுபட்டவன்போல் கீழே போட்டான்.

"நான் ஆட்டலிங்க!"

"ஒங்கட கைதான் ஆட்டிச்சு. நெனைப்பு கைக்கு எறங்கினது ஒங்களுக்குத் தெரியல. தங்கச்சிக்கும் அதேதான். அன்னைக்கு முதல்ல எல்லாரையும் கை கோக்கச் சொன்னேனே, எதுக்கு? சொன்னதை அப்படியே மனசுல படமாப் பார்க்கிற ஆளு யாருன்னு பொறுக்கியெடுக்கத்தான். திறக்காதுன்னு நம்பிக்கிட்டே இழுத்தா, திறக்கிற பலமும் மூடுற பலமும் ரெண்டும் ஒங்களோடதுதான். என்கிட்ட ஒரு பலமும் இல்ல. வாய் மட்டுந்தான்." துணியளக்கும் கோலை மறுபடி எடுத்தார். "மேடையை விட்டு எறங்குமுன்ன இதைச் சொல்லியிருக்கணும். கைதட்டுல மறந்திட்டேன்."

"அப்ப இனி எப்படி?" என்றாள் நாகலெட்சுமி.

"இழுத்துச் சண்டை போடாதீங்க. மூடினா மூடட்டும். கட்டைவிரலை மட்டும் நெனைங்க. அது அசைஞ்சா மத்தது அசையும்."

அடுத்த வாரம் கங்காணி கத்தவில்லை. அவனுக்குத் துணிச்சல் போயிருந்தது. அதே சொல்லைக் கத்தியது பக்கத்து வரிசை ராசம்மா, பொழுதுபோகாமல். நாகலெட்சுமியின் விரல்கள் இறுகத் தொடங்கின. ஆனாலும் இந்தத் தடவை அவள் உதறவில்லை. இறுக்குவது யார் என்று தெரிந்திருந்தது. கட்டைவிரல் லேசாக அசைந்தது. அப்புறம் சுட்டுவிரல். கொழுந்து கூடைக்குள் விழுந்தது.

"இன்னொரு தரம் சொல்லுக்கா," என்றாள் குரல் நடுங்க. "நானா மூடினாத்தான் மூடும்."

ராசம்மா நம்பவில்லை. லயத்தில் யாரும் நம்பவில்லை. முதலாளி மந்திரத்தை எடுத்துவிட்டார் என்றே பேசிக்கொண்டார்கள். உண்மை தெரிந்த இன்னொருவன் வீரய்யாதான்; ஆனால் பொத்தான் ஆடியதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஞாயிறும் கொண்டிபோட்டான்.

கதவுக்கு உள்ளேயிருந்து அவள் கேட்டாள்: "இப்ப யாருக்குப் பயந்து பூட்டுறீங்க? எனக்கா, ஒங்க கைக்கா?"

வெளியே காலடிச் சத்தம் நகரவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அவன் நடந்து போனான், கதவைத் திறக்காமலே.

அதற்கடுத்த ஞாயிறு அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான், கடைக்கும் கிளம்பாமல், கதவையும் தொடாமல். அவள் பையை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டி இறங்கினாள்.

"எங்க போற?"

"உப்பு வாங்க."

அவன் எழுந்து பின்னாலேயே வந்தான். அவள் வரவேண்டாமென்றும் சொல்லவில்லை, நின்று காத்திருக்கவும் இல்லை.