வயிற்றுக்குக் கறுப்பு

சகாய ஆனந்துக்குத் தன் கைவேலையில் அப்படியொரு பெருமை. மெல்லிய கட்டையில் செய்த, ரிமோட்டில் பறக்கிற குட்டி விமானத்தின் மேல் வெள்ளை பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, சின்ன இஸ்திரிப்பெட்டியால் ஒரு சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டியிருந்தான். குனிந்தால் அவன் மீசை அதில் தெரியும். அந்த இறக்கையைத்தான் அவன் பெண்டாட்டி ஜோதி மேரி, பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மேரி, உனக்கு மனசே இல்லியா? பளபளன்னு வச்சிருந்தனே."

"பளபளப்புல பெயிண்ட்டு நிக்காது மாமா. மிச்சத் தாள்ல அடிச்சுப் பாத்துட்டேன். டேப்பு ஒட்டி இழுத்தா கையோட வந்துடுது. தேய்ச்சுட்டு அடிச்சா அசையல."

"பெயிண்ட்டே எதுக்குன்றேன்."

எதுக்கு என்று அவனுக்கே தெரியும். போன விமானம் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் எங்கேயோ கிடக்கிறது. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. கவிழ்ந்தது தெரியாமல், ஏற்றுவதாக நினைத்து அவனே அதைத் தண்ணீரில் இறக்கிவிட்டான். இதுவும் போனால் ரிமோட்டையே தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். வானத்தைப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி சிரிக்கிற அந்த ஆனந்தைத்தான் மேரிக்கு ரொம்பப் பிடிக்கும். அவனை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

ஸ்பிரிட்டால் துடைத்து, இறக்கையின் அடிப்பக்கம் மட்டும் கறுப்பு ஸ்ப்ரேயை மெல்லிசாக அடித்து, காயவிட்டு, மறுபடியும் அடித்தாள். ஆனந்த் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனார்கள். விமானம் ஜோராக ஏறியது. கடல் மேல் திரும்பும்போது காற்று ஒரு தூக்குத் தூக்கியது. ஆனந்தின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

"மேரி, போச்சு. ஒண்ணும் புரியல."

"என்ன கலரு தெரியுது, அத மட்டும் சொல்லு."

"வெள்ளை."

"அப்ப கவுந்து கெடக்கு. பொரட்டு மாமா."

புரட்டினான். கறுப்பு தெரிந்தது.

மணலில் இறங்கியதும் ஆனந்த் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தான். சோதிக்கவென்றே கொண்டுவந்திருக்கிறான், கள்ளன். கறுப்பின் மேல் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்தான். டேப் மட்டும்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மேரி சோறு வைக்கப் போனாள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் பச்சை நாரைக் காணோம். கூடத்தில் ஆனந்த் விமானத்தை மடியில் கவிழ்த்து வைத்து, மிச்சம் பளபளத்துக்கொண்டிருந்த வாலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இதுக்கும் கறுப்பே அடிச்சுடு மேரி," என்றான் தலை நிமிராமல்.