மாமனார் வந்து அழைத்துப் போனார்

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள், கண்ணுகளா. கையில் வேலை இருந்தால் அது பாட்டுக்கு நடக்கட்டும், காதை மட்டும் இங்கே கொடுங்கள். ஒரே ஒரு வரியை எழுதிவிட்டு, இருக்கவும் முடியாமல் போகவும் முடியாமல் அலைந்த ஒருவனுடைய கதையைச் சொல்கிறேன்.

அவன் பெயர் மருதுபாண்டி. மானகிரியில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தான். வலையபட்டிக் கருத்தையாவின் மகள் கீர்த்தியை ஆனி மாதம் கட்டினான். மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அவளுக்கு நியூசிலாந்தில் இடம் கிடைத்திருந்தது. மூன்றரை வருடப் படிப்பு. ஆவணிக் கடைசியில் அவள் விமானம் ஏறினாள். பட்டறையைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு, பின்னாலேயே போவதற்கு இவனும் விசாவுக்கு எழுதிப் போட்டான். போன இடத்தில்தான் அவள் மாசமாக இருப்பது தெரிந்தது.

கார்த்திகையில் பதில் வந்தது. விசா இல்லை.

ஏன் என்கிறீர்களா? விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் பிரிந்து இருந்தது உண்டா, எப்போது, என்ன காரணம்? நம்மவன் பொய்யே சொல்லாதவன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கார் தாளில் பொய் எழுதப் பயந்தவன். ஜூலை பதினேழு முதல் ஆகஸ்ட் பதினாறு வரை என்று எழுதி, காரணம் கேட்ட இடத்தில், 'மாமனார் வந்து அழைத்துப் போனார்' என்று இங்கிலீஷில் எழுதிவிட்டான். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது நமக்குத் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரிக்குத் தெரியுமா? கல்யாணமான மூன்றாவது வாரத்தில் அப்பன் வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனால் அவர் என்னதான் நினைப்பார்? இவர்கள் சேர்ந்து வாழ்கிறவர்கள் என்பதற்குச் சாட்சி போதவில்லை என்று முடித்துவிட்டார்.

காரைக்குடியில் விசாத் தாள்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் சௌபர்ணிகா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏண்ணே, ஆடின்னு ஒரு வார்த்தை சேத்து எழுதியிருக்கக் கூடாதா? இதப் படிச்சா நீங்க அடிச்சு வெரட்டுன மாதிரியில்ல இருக்கு!"

"கேட்டதுக்குத்தானம்மா பதில் எழுதுனேன்."

"சரி, மறுபடி போடுவோம். வழக்கத்தச் சொல்லி ஒங்க மாமனார்ட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க, நோட்டரி போட்டுருவோம். அந்த மாசத்துல நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டதுக்கு ஏதாச்சும் சாட்சி இருக்கா?"

மருதுபாண்டி தன் செருப்பைப் பார்த்தான். சாட்சி இருந்தது. ஆடி இருபது வாக்கில் கீர்த்தி விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்குச் சென்னை போனாள். துணைக்குத் தோழி வருவதாக வீட்டில் சொல்லியிருந்தாள். அந்தத் தோழிக்கு மீசை இருந்தது. எழும்பூர் லாட்ஜில் இருவர் பேரும் போட்ட ரசீது இவனிடம் இருந்தது. அது போதாதென்று, ஸ்கேனில் பிள்ளைக்குக் குறித்த நாள் ஏப்ரல் இருபத்தெட்டு. நடுச் சித்திரை! ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அது ஆகாது என்றுதானே பெண்ணைப் பிரித்து வைக்கிறார்கள்? இரண்டு பேரும் வீட்டில் வைகாசி என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு, ஊருக்குள் ரோடு திரும்பும் வலையபட்டி விலக்கு வரை போவான். டீ குடிப்பான். திரும்பிவிடுவான். மூன்று நாளில் ஏழு தடவை.

"மாமனார் வீடு இன்னும் உள்ளுக்குள்ள இருக்கு, மாப்ளே. நான் வேணா தொணைக்கு வரவா?" என்று கேட்டார் டீக்கடைச் சேவுகப்பெருமாள்.

கீர்த்தி போனில் பிடித்துக்கொண்டாள். "இங்க வாந்தி எடுத்தா தலையப் பிடிக்க ஆளில்ல. நீக அங்க டீக்கடையச் சுத்தி வாரீக. நானே அப்பாட்டச் சொல்லிரவா?"

"வேணாம். நான் போயிச் சொல்றதுதான் முறை."

எட்டாவது தடவை போய்ச் சொன்னான். கருத்தையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரசீதைப் பார்த்தார். பிறகு ஸ்கேன் தாளை. பிறகு அவனை.

"எம்மகள வழக்கம் தப்பாம வச்சிருந்தேன்னு ஊரு பூராம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். நீக எழும்பூர்ல ரூம் போட்டிருக்கீக!"

"தப்புத்தான் மாமா."

"சித்திரைப் புள்ள அப்பனுக்கு ஆகாதுன்னு பெரியவுக சும்மாவா சொன்னாக? என் மானத்த விடுங்க. ஒங்க உசிருல்ல மாப்ளே!"

உள்ளேயிருந்து பொன்னழகு வந்தாள், கீர்த்தியின் தாய். "அப்பன் இங்குட்டு, புள்ள கடலுக்கு அங்குட்டு. இதுக்கு மேல அப்பனுக்கு என்ன ஆகாமப் போகணும்? எம்மக ஒத்தையிலயா பெத்துக்கிருவா?"

கருத்தையா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். மருதுபாண்டி உட்கார்ந்தான், எழுந்தான், வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்தான். பொன்னழகு வைத்த காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. பொழுது சாயும் நேரத்தில்தான் அவர் வந்தார். காலைக்கூடக் கழுவவில்லை.

"பேனா இருக்கா? எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்ல இவன் எழுதியது இது: 'என் மகளை நான்தான் அழைத்து வந்தேன். சண்டை எதுவும் இல்லை. ஆடி மாதம் புதுப்பெண்ணைக் கணவனிடமிருந்து பிரித்து அழைத்து வருவது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தை மகளும் மருமகனும் மீறிவிட்டார்கள் என்று ரசீதையும் ஸ்கேனையும் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இவர்கள் சேர்ந்து வாழ்கிறவர்கள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். உங்களுக்கும் வேண்டியிருக்காது.'

நோட்டரி வக்கீல் ஈஸ்வரன் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பை மறைக்க இருமினார். கருத்தையா முறைத்த முறைப்பில் இருமலும் நின்றது.

மார்கழி போனது. தை போனது. போன் சிணுங்கும்போதெல்லாம் மருதுபாண்டி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினான். மாமனாரோ கடிதத்தில் கையெழுத்துப் போட்டதிலிருந்து அவனோடு பேசவில்லை. மாசி பத்தாம் நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது விசா வந்தது. வாயைக் கொப்பளிக்காமலே வலையபட்டிக்குப் போன் போட்டான்.

"மாமா, கெடச்சிருச்சு!"

கருத்தையா கனைத்துக்கொண்டு கேட்டார். "ஏன் மாப்ளே, ஏப்ரல்ல அங்க குளிரு தொடங்கிருமாமே? கீர்த்தி சொன்னா."

"ஆமா மாமா. அங்க எல்லாம் மாத்தித்தான்."

"அப்பறம் என்ன? வெயிலே இல்லாத மாசம் எப்படிச் சித்திரையாகும்? சொட்டர் ரெண்டா எடுத்துக்கிட்டுப் போங்க."

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு தாளுக்காக, ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தால், அவர்கள் காதில் சீக்கிரம் நல்ல சொல் விழட்டும். உங்கள் வீட்டில் எந்த இலையின் முன்னும் இடம் காலியாக இராமல், எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணுங்கள்.