சுவரடியில் ஆறு துளைகள்

குலுக்கலில் பெயர் வந்த பன்னிரண்டு பேரும் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பில், முழங்கால் முகவாயை இடிக்கும் பெஞ்சுகளில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற நில அளவையர் மட்டும் ஆளனுப்பி நாற்காலி தருவித்து, முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

பேச்சு கால்வாய்க்கரைச் சுவரைப் பற்றி. மழை பெய்தால் கீழ்த்தெருவில் இரண்டு நாள் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது, சுவரை இடிக்க வேண்டும் என்று மனு. இந்தப் பன்னிரண்டு பேர் கலந்து பேசி எடுக்கும் முடிவுதான் முடிவு என்று நகராட்சி கைகழுவிவிட்டது. சுவரைக் கட்டியவர் அளவையரின் அப்பா. பெரிய பொறியாளர். அவர் பெயர் பொறித்த கல் அந்தச் சுவரின் அடியில்தான் பதிந்திருக்கிறது.

கலந்து பேசுவதாம். அளவுச் சங்கிலியை எந்த முனையில் பிடிப்பதென்று தெரியாத பஸ் டிரைவரும் தையற்காரியும் நீரோட்டத்தைப் பற்றி என்னத்தைப் பேசிக் கிழிப்பார்கள் என்று அவருக்கு இளக்காரம்.

குலுக்கலில் பெயர் வந்திருந்த அவருடைய தம்பி பக்கத்திலிருந்து கிசுகிசுத்தார். "மேல்தெருக்காரங்க ஏழு பேர் இருக்கோம்ணா. சுவர் இருக்கட்டும்னு கையத் தூக்கச் சொல்லுங்க, பத்து நிமிஷத்துல வீட்டுக்குப் போயிடலாம்."

அளவையர் எழுந்து அதையே உத்தரவுபோலச் சொன்னார். கூட்டத்தை நடத்திய நர்சம்மா, அடம்பிடிக்கும் நோயாளியைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்.

"கை தூக்குறது கடைசியில ஐயா. முதல்ல பேச்சு. ஒருத்தருக்குப் பதில் சொல்றவங்க, அவங்க சொன்னதை அவங்களே ஒத்துக்கிற மாதிரி திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் சொந்தக் கருத்து."

தையற்காரி தொடங்கினாள். "மழை வந்தா மெஷினைக் கட்டில்மேல ஏத்திடுவோம். அது ரெண்டு நாள் சுகமாப் படுத்திருக்கும். நாங்க நின்னுக்கிட்டே தூங்குவோம். தண்ணி சுவர்கிட்ட வந்து முட்டிக்கிட்டு நிக்குது, போக வழியில்ல."

"இந்தம்மாவுக்குச் சுவரைப் பிடிக்கலையாம்," என்றார் அளவையர்.

"நான் அப்படிச் சொல்லலையே ஐயா."

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் நர்சம்மா.

பின்பெஞ்சில் யாரோ தும்மலை அடக்குவதுபோலச் சிரிப்பை அடக்கினார்கள். நாற்பது வருட உத்தியோகத்தில் அவருடைய வரைபடம் ஒன்றுகூடத் திருத்தச் சொல்லித் திரும்பி வந்ததில்லை. ஒரு தையற்காரியிடம் திரும்பி வருவதா? சாக்கட்டியை எடுத்தார். தெருவின் சரிவை, கால்வாயின் மட்டத்தை, அடித்தளத்தோடு சுவரை, அப்பாவின் வரைபடத்தில் பார்த்தபடியே கரும்பலகையில் இழைத்து இழைத்து வரைந்தார். எத்தனை அங்குல மழைக்குத் தண்ணீர் எந்த வாசற்படி ஏறும் என்று ஒவ்வொரு வீடாகச் சொன்னார். வேலையென்று வந்துவிட்டால் எதிராளியின் வேலையைக்கூட அரைகுறையாகச் செய்ய அவருக்கு வராது.

"இதேதான்," என்றாள் தையற்காரி. "என்னைவிட நல்லாச் சொல்லிட்டீங்க."

"நீங்க யார் பக்கம்ணா?" என்று தம்பி முனகினார்.

பஸ் டிரைவர் பலகையைக் காட்டினார். "சுவரடியில ஆறு வட்டம் போட்டிருக்கீங்களே, அது என்ன சார்?"

"தண்ணி வெளியேறுற துளை. இரும்பு மூடி உண்டு. தெருத் தண்ணி தள்ளினா வெளிப்பக்கமாத் திறக்கும். கால்வாய்த் தண்ணி உள்ள வராது. எங்கப்பா மூளை."

"அங்க துளையே இல்லையே," என்றாள் தையற்காரி. "ஏழு வருஷமா அந்தச் சுவரோரமாத்தான் துணி காயப்போடுறேன்."

மருந்துக்கடைக்காரர் நெற்றியைச் சுருக்கினார். "பத்து வருஷத்துக்கு முன்னால ஒரு மணி நேரத்துல வடிஞ்சிடுமே. நான் பார்த்திருக்கேன்."

அளவையரின் கையில் சாக்கட்டி அப்படியே நின்றது.

தம்பி முந்திக்கொண்டார். "அப்பா படத்துல மட்டும் போட்டிருப்பார். கட்டும்போது விட்டுப்போயிருக்கும்."

எல்லோரும் தலையாட்டத் தயாராக இருந்தார்கள். செத்துப்போனவர் வந்து மறுக்கப்போவதில்லை. சும்மா இருந்திருந்தால் அளவையர் தப்பித்திருக்கலாம்.

"வாயை மூடுடா," என்றார். பிறகு நர்சம்மாவிடம், "எழுதிக்குங்க. துளை இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால கல்லைப் பதிச்சப்போ, சுவர் வழவழன்னு இருக்கணும்னு நான்தான் பூசச் சொன்னேன். எங்கப்பா கட்டினதுல தப்பு கிடையாது."

தையற்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை வருஷமா உங்கப்பாவைத் திட்டிக்கிட்டு இருந்தேன் ஐயா. இனிமே ஆளை மாத்திக்கிறேன்."

அந்த வசவு வந்துசேர வேண்டிய இடத்துக்குத்தான் வந்திருந்தது.

இடிக்கவேண்டும் என்று வந்தவர்களும் தொடக்கூடாது என்று வந்தவர்களும், யாரும் கொண்டுவராத ஒரு முடிவுக்குக் கை தூக்கினார்கள். சுவர் நிற்கட்டும், துளைகளைத் திறக்கலாம். பன்னிரண்டு கைகள். தம்பியுடையது கடைசியாக, அரைகுறையாக எழுந்தது. முதலிலேயே கை தூக்கியிருந்தால் ஏழு பேர் ஜெயித்திருப்பார்கள். அப்படி ஜெயித்திருந்தால், கீழ்த்தெருவில் அடுத்த மழைக்கும் மெஷின்தான் கட்டிலில் படுத்திருக்கும்.

நர்சம்மா தீர்மானத்தை எழுதி வாசித்தபோது அளவையர் கையை உயர்த்தினார். "ஆறாவது துளை அந்தக் கல்லுக்குப் பின்னால இருக்கு."

"அஞ்சு போதாதாண்ணா?" என்றார் தம்பி. "அப்பா பேர் இருக்கிற கல்லாச்சே."

"அப்பா ஆறு போட்டிருக்கார்," என்றார் அளவையர். "கல்லை எடுக்கணும்னு எழுதுங்கம்மா."