தெலேசியாவின் வீட்டில் ஒரு கோப்பு

1.

இந்தக் கதையை இதுவரை மூன்று முறை வாயால் சொல்லியிருக்கிறேன். தலைநகர் ஆபியாவில் ஆசிரியர் கூட்டத்து மதியச் சாப்பாட்டில் ஒருமுறை, எங்கள் தீவான சவாயிக்குத் திரும்பும் கப்பலில் ஒருமுறை, சேலத்திலிருந்து போனில் பேசிய என் தம்பியிடம் ஒருமுறை. மூன்றிலும் கணினியைச் சரிசெய்தவன் நான்தான். மூன்றாவது முறை சொல்லும்போது எனக்கே அப்படித்தான் நடந்ததாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

விஷயம் தெலேசியாவின் காதுக்கு எட்டிவிட்டது. கப்பலில் பேசியது நமக்கு முன்னால் கரை இறங்கிவிடும். எங்கள் ஊர்ப் பெண்கள் குழுவின் செயலாளர் அவள், நாற்பத்தோரு வயது, யாரிடமும் குரலை உயர்த்தமாட்டாள். பள்ளிக்கூட வாசலில் என்னை மடக்கினாள்.

"வாத்தியாரே, குழு கம்ப்யூட்டர நீங்கதான் சரி பண்ணீங்களாமே. கேள்விப்பட்டேன். நல்லா பண்ணிருக்கீங்க."

அசடு வழிந்தேன். வேறென்ன செய்ய?

"எழுதப் போறீங்கன்னும் சொன்னாங்க. எழுதுங்க. செஞ்சவ பேரப் போட்டு எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு, கடைசில அண்ணன்கிட்ட நான் என்ன சொன்னேன்னு மட்டும் எழுதக் கூடாது."

ஆக, இது ஒரு திருத்தம். கதை என்று சொல்லிக்கொள்வது என் மானத்தைக் காப்பாற்ற. பத்தொன்பது வருஷமாக இந்தத் தீவில் கணக்கு வாத்தியாராக இருப்பவனுக்கு அவ்வளவு மானமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

2.

முதல் தொடக்கம்: "கறுத்த திரையின் மூலையில் ஒரு சின்னக் கோடு மினுங்கியது. அதன் ஒவ்வொரு மினுக்கிலும்—"

[விட்டுவிட்டேன். கோடு மினுங்கினால் மினுங்கியது, அவ்வளவுதான்.]

இரண்டாவது தொடக்கம்: "சனிக்கிழமை மதியம் எனக்கு ஆள் அனுப்பியபோது ஊரே என்னை நம்பித்தான்—"

[பொய். ஊர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தது. மறுநாள் வெள்ளை ஞாயிறு. குழந்தைகள் வெள்ளை உடுத்தி, கோவிலில் நாடகம் போட்டு, பெரியவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடும் நாள். யாருக்கும் என் நினைப்பே இல்லை.]

மூன்றாவது தொடக்கம், நடந்தபடியே: குழு வீட்டில் ஒரு பழைய கணினி இருக்கிறது, லினக்ஸில் ஓடுவது. அதில் தெலேசியா பாஸ்வேர்டு அடித்தால் திரை கறுக்கும், ஒரு நொடி நிற்கும், மறுபடி பாஸ்வேர்டு கேட்கும் பக்கத்துக்கே வந்துவிடும். பாஸ்வேர்டு தப்பு என்றும் சொல்லாது. காலையிலிருந்து முப்பது முறை அடித்துப் பார்த்திருந்தாள். உள்ளே அவள் எழுதிய நாடகம் இருந்தது.

அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. பதினோரு வருஷமாக எங்கள் ஊரில் ஒரே நாடகம்தான். எழுதியவர் போதகரின் மனைவி ஃபுவாதினோ. ஊரில் எல்லோருக்கும் அது மனப்பாடம், நாய்களுக்கும்கூட எங்கே கைதட்டல் வரும் என்று தெரியும். இந்த வருஷம் குழுக் கூட்டத்தில் தெலேசியா எழுந்து, நான் ஒன்று எழுதட்டுமா என்று கேட்டாள். கேட்ட பிறகு உட்காரவில்லை. சரி என்று சொல்லும்வரை நின்றாளாம். வேதாகமத்தில் வரும் யோனாவின் கதைதான், ஆனால் அதில் மீன் பேசுகிறது, ஒரு மனுஷனை மூன்று நாள் வயிற்றில் வைத்திருப்பதன் கஷ்டத்தைப் புலம்புகிறது. கடைசிக் காட்சியைப் புதன்கிழமைதான் முடித்திருந்தாள். அது இன்னும் ஒரு குழந்தையின் கைக்கும் போகவில்லை.

மாலை ஜெபம் முடிந்ததும் கோவிலில் கடைசி ஒத்திகை. அதற்குள் தாள் வராவிட்டால் பழைய நாடகம்தான் என்று ஃபுவாதினோ சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தபடி, தன் பழைய நாடகத்தின் பிரதிகளைப் பையில் போட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, குழு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

3.

இங்கே எனக்குச் சந்தேகம் வரும் பாத்திரம் நான்தான். முந்தைய வரைவில் இவன் அமைதியானவன், கூர்மையானவன். நேரில் அவன் செய்தது இது:

திரை அட்டையில்தான் கோளாறு என்றான். அட்டையைக் கழற்றி, ஊதி, திரும்ப மாட்டினான். அப்புறம் புது மென்பொருள் இறங்கியதால் வந்த வினை என்றான். அப்புறம் வட்டு நிரம்பிவிட்டது என்றான். பாதிகூட நிரம்பியிருக்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பல்லி வெளியே ஓடியபோது, இதுதான் என்றான்.

ஃபுவாதினோ ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "பல்லிய வெளியேத்தியாச்சு. இப்ப ஓடுமா வாத்தியாரே?"

ஓடவில்லை. கடைசியாக அவன், அதாவது நான், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

தெலேசியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அதுவே எதாவது சொல்லுமில்ல? ஏன் தொறக்கலன்னு அது எங்கயாவது எழுதி வைக்காதா? மொதல்ல அதப் படிப்போம்."

[படமில்லாமல் கட்டளைகள் மட்டும் அடிக்கும் எழுத்துத் திரைக்கு அதே பாஸ்வேர்டில் போகலாம், அங்கிருந்தே அச்சிடலாமே என்று கேட்கும் வாசகருக்கு ஓர் அடிக்குறிப்பு: அதையும் செய்தேன். பதினோரு தாளில் குப்பைக் குறிகள் அச்சாகி வந்தன. குழுவிடம் இருந்ததே இருபது தாள். இதைப் பிறகு மறக்காதீர்கள்.]

இனி பெதெலோ. தெலேசியாவின் அண்ணன், ஊர்த் தலைவர்களில் ஒருவர். அவருக்குத் தலைவர் பட்டத்தோடு வந்த பெயர் ஒன்று உண்டு. அதைக் கதையில் போட அவரிடம் அனுமதி வாங்க வேண்டும், எனக்குத் தைரியமில்லை. ஆகவே இங்கே வெறும் பெதெலோ. இந்தக் கணினி ஊருக்கு வந்த அன்று, எல்லாவற்றையும் மாற்ற வல்ல தலைமைக் கணக்கின் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, விசேஷங்களுக்கு மட்டும் எடுக்கும் ஒரு நல்ல பாயின் மேல் வைத்து, சபை நடுவே அவர் கையில் கொடுத்தார்கள். தலைமை எதுவானாலும் அது தலைவரிடம்தான் போகும். கொடுத்தவர்களில் நானும் ஒருவன், கை தட்டினேன்.

ஒரு வரைவில் இவரை வில்லனாக்கிப் பார்த்தேன். நிற்கவில்லை. இங்கே அண்ணன் என்றால் தங்கைக்கு வேலை செய்பவன். பெதெலோ தலைவரான பிறகும் தங்கை வீட்டு அடுப்புக்குத் தானே விறகு கொண்டுவந்து போடுகிறார். இப்படிப்பட்ட மனிதரை எப்படி வில்லனாக்குவது?

4.

கணினி எழுதி வைத்திருந்தது. முந்நூறு வரிகள். நான் வேகமாகத் தள்ளிக்கொண்டு போனேன், அவள் என் கையைத் தட்டிவிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். குழுவின் சுகாதார வேலையில், பிரசவத்துக்குப் போனவர்கள், தடுப்பூசி போட்டவர்கள் என்று பெயர்ப் பட்டியல் படித்துப் பழகிய கண். இருநூற்றுச் சொச்சம் வரிக்கு வந்ததும் விரலை வைத்தாள். ஒரு கோப்பின் பெயர், பக்கத்தில் 'அனுமதி இல்லை'.

அது ஒரு சீட்டு மாதிரி. உள்ளே வருபவர் இன்னார்தான் என்று காட்டும் சீட்டு, அதைத் தொட முடிந்தால்தான் அவளுக்கு டெஸ்க்டாப் திறக்கும். அவளுடைய இடத்தில் இருக்கும் எல்லாக் கோப்புகளையும், மறைந்திருப்பவற்றையும் சேர்த்து, பட்டியல் போட்டோம். உரிமையாளர் என்ற இடத்தில் வரிக்கு வரி தெலேசியா, தெலேசியா, தெலேசியா. அந்த ஒரு வரியில் மட்டும் தலைமைக் கணக்கு. வியாழக்கிழமை, மதியம் மூன்று நாற்பது.

வியாழன் மதியம் யார் வந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பண்டிகைக்காகத் தங்கையின் திரையில் பூ வைத்த கோவில் படமும் ஒரு வாழ்த்தும் போட்டுவைக்க அண்ணன் வந்திருந்தார். அவளுடைய இடத்துக்குள் தலைவராகவே நுழைந்து, தலைவராகவே டெஸ்க்டாப்பைத் திறந்திருக்கிறார். சீட்டு அவர் பெயருக்குப் போய்விட்டது. அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

சுலபம் என்றேன். அவரிடம் பாஸ்வேர்டை வாங்கினால் ஒரே வரியில் பெயரை மாற்றிவிடலாம்.

"வாங்கினா எதுக்குன்னு கேப்பாரு," என்றாள்.

"சொல்லு."

"எனக்காகச் செஞ்சது எனக்கே முட்டுக்கட்டையாச்சுன்னு, நாளைக்கு வெள்ளை ஞாயிறை வச்சுக்கிட்டு, அண்ணன்கிட்ட சொல்லணுமா? நீங்க ஒங்க தங்கச்சிகிட்ட இப்படிக் கேட்டுத்தான் வளந்தீங்களா?"

அவருக்காகப் பார்க்கிறாயா, உன் ரோஷத்துக்காகவா என்று கேட்டேன். ரெண்டும்தான் என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

அப்போது மாலை ஜெபத்துக்கான முதல் சங்கு ஒலித்தது. ஊதியவர் பெதெலோதான், ஜெப நேரத்தில் யாரும் நடமாடாமல் பார்த்துக்கொள்ளச் சாலையில் நிற்கும் முறை அந்த வாரம் அவருடையது. எல்லோரும் கையில் இருந்ததை வைத்தார்கள். இரண்டாவது சங்குக்கு ஊரே உட்கார்ந்துவிட்டது. நாங்கள் மூவரும் கறுத்த திரைக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தோம். ஜெபத்தை ஃபுவாதினோ நடத்தினார். குழந்தைகளுக்காகவும், எழுதியவர்களுக்காகவும், எழுதுகிறவர்களுக்காகவும், கடைசியில் "புத்தி குறைஞ்ச இந்த மிஷினுக்காகவும், அதுகூட மல்லுக்கட்டுற வாத்தியாருக்காகவும்" வேண்டிக்கொண்டார். கண் மூடியிருந்ததால் நான் முறைக்க முடியவில்லை.

[இந்த இடத்தில் முன்பு ஒரு பெரிய பத்தி இருந்தது: அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு எப்படித் தீர்வு உதித்தது என்று. எடுத்துவிட்டேன். எனக்கு உதித்தது பசி.]

ஜெபம் முடிந்ததைச் சொல்லும் மூன்றாவது சங்கு ஓய்ந்ததும் தெலேசியா கேட்டாள். "பட்டியல்ல மொதல் வரி, அது கோப்பு இல்லியே. என்ன அது?"

"அந்த இடமே அதுதான். கோப்பெல்லாம் இருக்கிற வீடு மாதிரி."

"வீட்டுக்கு நேரா யார் பேரு?"

பார்த்தேன். தெலேசியா.

"அப்ப வீடு என்னோடது. என் வீட்டுல அண்ணன் வச்ச பொருளை நான் திருத்தக் கூடாது, தூக்கிப் போடவும் மாட்டேன். நகத்தி வைக்கலாமில்ல?"

கூடாது, தலைமையின் பொருளை நகர்த்தத் தலைமையின் அனுமதி வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் ஒரு காலத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. கோப்பைத் திருத்தத்தான் கோப்பின் உரிமை வேண்டும். வேறு பெயர் கொடுத்து ஒதுக்கி வைக்க, வீட்டின் உரிமை போதும். ஒதுக்கிவிட்டால் கணினி அவள் பெயரில் புதுச் சீட்டு எழுதிக்கொள்ளும். அவள் சொன்னது சரி. எந்தப் புத்தகமும் படிக்காமல் சரி.

'பழையது' என்று பெயர் வை என்றேன். அவள் 'துவாங்கானே' என்று அடித்தாள். இந்தத் தீவின் மொழியில் ஒரு பெண் தன் உடன்பிறந்தவனைச் சொல்லும் சொல் அது.

பாஸ்வேர்டு அடித்தாள். திரை கறுத்தது, ஒரு நொடி நின்றது, திறந்தது. அண்ணன் போட்ட கோவில் படம், பூக்கள், வாழ்த்து எல்லாம் இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமை, வேறொன்றுமில்லை. என் வாழ்க்கையில் நான் செய்யாத ஒரு காரியத்துக்காக இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

தாள் ஒன்பதுதான் இருந்தது. கடைசிக் காட்சிக்கு இருபத்து மூன்று வேண்டும். தெலேசியா இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். ஃபுவாதினோ நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பையிலிருந்து தன் நாடகத்தை எடுத்து பிரிண்டர் மேல் வைத்தார்.

"பின்பக்கம் எழுத்து இல்ல," என்றார். "அந்த மீன் பேசறத நான் புதன்கிழமையே இந்தத் திரையில படிச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லாத, சிரிச்சிட்டேன்."

5.

தாள்கள் வந்துகொண்டிருக்கும்போது பெதெலோ வந்தார். கையில் சங்கு. படியிலேயே நின்றார், தங்கை உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் அழைக்காமல் வரமாட்டார். காலையில் கோளாறு என்று கேள்விப்பட்டாராம்.

"நான் வச்ச படத்தால எதாவது ஆச்சாம்மா?" என்று கேட்டார்.

இங்கேதான் முடிவு வர வேண்டும். எழுதிப் பார்த்தவை:

(அ) "இல்லண்ணா. படம் ரொம்ப நல்லாருக்கு," என்றாள். இரண்டுமே பொய்யில்லை, படம் எந்தத் தப்பும் செய்யவில்லை.

(ஆ) "ஆச்சு. நகத்தி வச்சிட்டேன். நானே," என்றாள். அவர் முகம் விழுந்து, பிறகு மெல்ல நிமிர்ந்தது. [இதை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.]

(இ) பதிலுக்குச் சூடான தாள் ஒன்றை நீட்டினாள். அவர் படியில் நின்றபடியே மீன் பேசுவதைப் படித்து—

[முடிக்கவில்லை.]

மூன்றில் ஒன்று நடந்ததா, மூன்றுமே என் கைச்சரக்கா என்று சொல்லமாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் கணினியைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலை மறுபடி போட்டுப் பார்த்தேன். வரிக்கு வரி தெலேசியா. நடுவில் ஒரே ஒரு வரி, தலைமையின் பெயரில், துவாங்கானே. தேவையில்லாத கோப்பு, அவள் எப்போது வேண்டுமானாலும் நீக்கியிருக்கலாம். அங்கேயே இருக்கிறது. என் பெயர் எங்காவது இருக்கிறதா என்றும் தேடினேன், இல்லை.

பெதெலோ இன்னும் படியில் நிற்கிறார், கையில் சங்கோடு. கேட்டுவிட்டார். பிரிண்டர் ஓடுகிறது, ஃபுவாதினோ பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார், நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். தெலேசியாவின் இடத்தில் உட்கார்ந்து நீங்கள் பதில் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், கோவிலில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.