உளவாளியின் பிறந்தநாள்

சுவிஸில், லுசேர்ண் நகரத்து ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் நான் சட்டி கழுவுகிறேன். பெயர் இரவீந்திரன். போன மாதம் ஹோட்டலை நடத்தும் டிரெக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, கோப்பி தந்து, உளவாளியாக்கினார்.

எல்லாம் புதிய வேலைநேரத்தால் வந்த வினை. மத்தியானத்துக்கும் இரவுக்கும் நடுவில் சம்பளமில்லாத மூன்று மணித்தியாலம். வீட்டுக்குப் போய்வர அது காணாது. ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்கலாமென்றால் குளிர். சமையலறை முழுதும் கோபத்தில் புகைந்துகொண்டிருந்தது.

"யார் தூண்டிவிடுவது என்று மட்டும் சொல்லுங்கள். அந்த ஆளை அனுப்பிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும்" என்றார் டிரெக்டர்.

தூண்டிவிட்டவள் சலாட் வெட்டும் சுகந்தி. வேலை போனால் அவளுடைய விசாவும் ஆட்டம் காணும். அன்றைக்கே பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உளவாளிக்கு வாய் இருக்கக்கூடாது. எனக்கோ அது ஒன்றுதான் இருக்கிறது.

"போயும் போயும் உங்களையோ அண்ணை பிடிச்சவர்?" என்று சிரித்தாள். "அப்ப வேலைநிறுத்தக் கூட்டத்தை உங்கட பிறந்தநாள் எண்டு வைப்பம். ஒருத்தரும் சந்தேகப்படாயினம்."

"என்ர பிறந்தநாள் மார்கழியில, பிள்ளை."

"ஆருக்குத் தெரியும்? உங்கட மனுசிக்கே ஞாபகம் இல்லையாம்."

மண்டபம், கேக், பலூன், ரோல்ஸ் எல்லாம் வந்தன. பழக்கதோஷத்தில் யாரோ வீடியோ மதுஷனையும் பிடித்துவிட்டார்கள். ரகசியக் கூட்டமே ஆனாலும், வீடியோ இல்லாத பிறந்தநாளை எங்கள் சனத்தால் கற்பனை செய்ய முடியாது. மதுஷன் தொழில் சுத்தமானவன். விடிவதற்குள் பாட்டுப் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டான். சுகந்தி மைக் பிடித்த இடத்தில் மட்டும் பாட்டை நிறுத்தியிருந்தான், மரியாதைக்கு.

டிரெக்டர் மறுபடி கூப்பிட்டார். அவருடைய கணினித் திரையில் மதுஷனின் வீடியோ, அதில் சுகந்தி.

"வியாழன் மத்தியானம் ஒருத்தரும் ஒரு கோப்பையும் தொடமாட்டம்!"

"இந்தப் பெண் என்ன சொல்கிறாள்?" என்று டிரெக்டர் டொச்சில், அதாவது ஜெர்மனில், கேட்டார்.

ஒரு சொல் பிசகினால் அவள் கதை முடிந்தது.

"என்னைப் போல நல்ல மனிதன் இல்லை என்கிறாள்."

"ஏன் எல்லாரும் முஷ்டியை உயர்த்துகிறார்கள்?"

"நான் நூறு வருடம் வாழவேண்டுமாம்."

"அந்த அம்மா அழுகிறாரே?"

"அது என் மனைவி. நூறு வருடம் என்றதும் அழுதுவிட்டாள்."

டிரெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டி கழுவுகிறவனுக்கு இவ்வளவு மதிப்பா? பார்க்கப் பார்க்க நானும் கொஞ்சம் நம்பத் தொடங்கினேன்.

வியாழக்கிழமை கோப்பைகள் மலையாகக் குவிந்தன. ஒருவரும் அசையவில்லை. டிரெக்டர் கீழே இறங்கி வந்தார். சுகந்தியைத் தாண்டி நடந்து என் முன்னால் நின்றார்.

"அவ்வளவு பேரும் கைதட்டியது உங்களுக்கு. அப்படியானால் தலைவர் நீங்கள்தானா?"

சுகந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நான்தான்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"மேலே வாருங்கள், பேசுவோம்."

"பேச்சுவார்த்தைக்கு என்னுடைய டொச் காணாது. மொழிபெயர்க்க இவர் வேண்டும்" என்று சுகந்தியைக் காட்டினேன்.

மேலே போய் இருந்ததும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு தமிழில், "பிள்ளை, எனக்குச் சரியாப் பசிக்குது" என்றேன்.

சுகந்தி அதை டொச்சில் நீட்டி நீட்டிச் சொன்னாள். அவள் பேசிய வேகத்தில் இடைவேளை, சம்பளம் என்ற இரண்டு சொற்கள் மட்டும் எனக்குப் பிடிபட்டன. டிரெக்டர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"சரி, அந்த நேரத்துக்கும் சம்பளம் தருகிறேன்" என்றார் என்னிடம். "கோப்பைகளைக் கழுவச் சொல்லுங்கள்."