சாய்ந்தால் எழும் கை

அவன் கடைக்குள் வந்து கதவைச் சாத்திய விதத்திலேயே அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று தையல்காரிக்குத் தெரிந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு முன்னால் அவளுடைய வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, தோளுக்குள் ஏதோ கிழியும்வரை விடாத புண்ணியவான் இவன்தான், அவள் புருஷன். அன்றிலிருந்து அந்தக் கை மேலே எழும்புவதில்லை. விரல்கள் பிடிக்கும், முழங்கை மடங்கும், அவ்வளவுதான். அவளும் சளைத்தவளா? தனியாக வந்து, இடது கையால் துணி வெட்டப் பழகி, இந்தக் கடையையும் போட்டுவிட்டாள். அதுதான் அவனுக்குச் செரிக்கவில்லை.

"ஒரு கைக்கே இவ்வளவு திமிரா? இதையும் ஒடிச்சிட்டா யார் கால்ல வந்து விழுவேன்னு பாக்கறேன்டி."

சொன்னதைச் செய்கிற ஜாதி அவன். அறைந்த அறையில் அவள் உதடு கிழிந்தது. முடியைப் பிடித்துத் தலையைத் தையல் மெஷினில் மோதினான். பிறகு குனிந்து, இடது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்க ஆரம்பித்தான். எலும்பு நெறிபட்டது. இந்தக் கையும் போனால் தன் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

வெட்டு மேசையில் தடவிய வலது கைக்குப் பெரிய கத்தரி அகப்பட்டது.

"எங்கே, தூக்கு பாக்கலாம்!" என்று சிரித்தான் படுபாவி.

தூக்க முடியவில்லை. பிடியிலிருந்து பிய்த்துக்கொள்ள உடம்பையே வலது பக்கம் சாய்த்தாள். அவன் பிடித்திருந்ததால் விழவில்லை. கத்தரியோடு கை உடம்பை விட்டு விலகித் தொங்கியது. அப்போது தோளின் வெளிப்புறத்தில் ஏதோ தசை இறுகிப் பிடித்தது, கை எழுந்தது. அவன் வெடுக்கென்று இழுக்க, தூக்கிய கையோடு அவள் நிமிர்ந்தாள். மேலே போன கை நிற்கவில்லை. அப்படியே அவன் மண்டையில் விழுந்தது. வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியெல்லாம் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் ஏழு தையலோடு படுத்துக்கொண்டு, விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் அவன் வாய் கூசாமல் புளுகினான். "நான் பாட்டுக்கு நாற்காலியில உக்காந்திருந்தேன். பின்னால வந்து போட்டுட்டா. கொலைகாரி!"

இன்ஸ்பெக்டர் அம்மா, கட்டிலருகே நின்ற தையல்காரி பக்கம் திரும்பினாள். "நிமிர்ந்து நில்லு. கையைத் தூக்கு."

தோள் காதுவரை ஏறியது. கை ஒரு சாண்கூட நகரவில்லை.

"நடிப்பு!" என்றான் அவன்.

"நடிப்பு இல்லை," என்றார் அவள் தோளைப் பரிசோதித்திருந்த எலும்பு டாக்டர். "கையை உடம்பை விட்டு முதல்ல நகர்த்திக் கொடுக்கிற தசைநார் அறுந்துபோச்சு. அது இல்லாம வெளியே இருக்கற பெரிய தசை இழுத்தா, மூட்டுதான் மேல ஏறும். கை தூக்காது."

"அப்ப இவங்க அடிச்சிருக்கவே முடியாதா?" என்று கேட்டாள் இன்ஸ்பெக்டர் அம்மா.

ஆமாம் என்று சொல்லிவிடுங்களேன் என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஜெயிலுக்குப் போனால் கடையும் போச்சு, பிழைப்பும் போச்சு.

"முடியும்," என்றார் அந்த மனுஷன். "நல்லா சாஞ்சா கை தானா விலகும். மீதியைப் பெரிய தசை தூக்கிடும். ஆனா மெதுவா இறக்க முடியாது, தொப்புன்னு விழும். அவ்வளவு சாயணும்னா, விழாம இருக்க மறுபக்கம் யாராவது பிடிச்சிருக்கணும்."

இன்ஸ்பெக்டர் அம்மா யோசிக்கவே இல்லை. வீங்கியிருந்த இடது மணிக்கட்டுக்கு மேலே, முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். "சாய்."

சாய்ந்தாள். வலது கை விலகியது, தோளில் தசை இறுகிப் பிடித்தது, கை கட்டிலுக்கு மேலே எழுந்தது.

புருஷன் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டினான். "ஐயோ, விட்டுடுங்கம்மா அந்தக் கையை! நானும் இப்படித்தான் பிடிச்சேன்!"

தூக்கிய கை தொப்பென்று விழுந்து கட்டில் கம்பியில் மோதியது. உயிர் போகிற வலி. கிழிந்த உதடு எரிய எரிய அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.